வண்டியில் பாடும் பெட்டிக்கு எத்தனை வோல்ட்?

திருவரங்கத்தில் என் மாமா ஒரு பழைய ஆம்னி வேனில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, அறிவிப்பும் பாட்டும் போட்டுப் பிழைக்கிறார். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபச் சாலையோரம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காலையிலிருந்து பாட்டு ஓடியது. நண்பகலுக்குள் மைக் அடங்கிவிட்டது, வண்டியும் கிளம்பவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். பதினான்கு மாதத்தில் கெட்டுப்போன இரண்டாவது பேட்டரி அது. சில மாதங்களுக்கு முன் ஒரு மெக்கானிக், “சார்ஜ் பத்தல, ஏத்திவிட்டா சத்தமும் கூடும்” என்று சொல்லி, ரெகுலேட்டருக்குப் போகும் கம்பியில் ஒரு டையோடைக் கோத்து 14.3 வோல்ட்டை 15 ஆக்கியிருந்தார். “நீ படிக்கிறது இதுதானேப்பா, என்னன்னு பாரு” என்றார் மாமா. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்து மல்டிமீட்டரைக் கொண்டுபோனேன்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். ஒலிபெருக்கியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்றே வைத்துக்கொள்வோம். 14.3 வோல்ட் 15 ஆனால் திறன் 10 சதவிகிதம் கூடும். டெசிபலில் அது 0.4 தான். ஒரு டெசிபலுக்குக் குறைந்த மாற்றத்தை நம் காது உணர்வதே அரிது. ஆக, டையோடு தந்த சத்தம் மனப்பிரமை!

ஆனால் அது செய்த கேடு மெய். 1859இல் பிளாண்டே கண்ட காரீய-அமில மின்கலம்தான் இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது. ஆறு கலம் சேர்ந்து 12 வோல்ட். ஒரு கலத்துக்கு 2.4 வோல்ட் அளவை எட்டும்போது நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்குகிறது. 15 வோல்ட் என்றால் கலத்துக்கு 2.5. மூடியைத் திறந்தபோது தட்டுகள் நீருக்கு மேலே தெரிந்தன. வெயில் வேறு. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கலத்துக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 14.4 பொருத்தமென்றால், திருச்சியின் 40 டிகிரியில் 14.0 போதும். குறைக்க வேண்டிய ஊரில் கூட்டியிருக்கிறோம்.

அப்படியானால் சத்தம் ஏன் கம்மியது? விடை கம்பியில் இருந்தது. பேட்டரியிலிருந்து பின்னால் உள்ள ஆம்ப்ளிஃபயர் வரை போகவர 8 மீட்டர்; 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மின்தடை 0.14 ஓம். உரக்கப் பாடும்போது 12 ஆம்பியர் ஓடினால் 1.65 வோல்ட் வழியிலேயே கரைகிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.28 தான். மெக்கானிக்கின் டையோடு கொடுத்த 0.7 வோல்ட்டைப்போல் இருமடங்கை, பேட்டரியைத் தொடாமலே மிச்சப்படுத்தலாம். (இந்தக் கணக்கை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை.)

இனி பேட்டரி. வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் மெல்லிய தட்டுகள் பல இருக்கும். சில நொடி நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கவே அது பிறந்தது. ஆழமாக வடித்தால் தட்டிலுள்ள பொருள் உதிர்ந்து அடியில் வண்டலாகும். மாமாவின் பெட்டி சராசரியாக 6 ஆம்பியர் இழுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி. வண்டியில் இருந்ததோ 35! பாதிக்கு மேல் வடிக்காதிருக்க 60 வேண்டும். 20 மணி நேரத்தில் வடித்தால் கிடைக்கும் அளவையே பேட்டரியில் பொறிக்கிறார்கள். வேகமாக வடித்தால் அதுவும் குறையும். ஆகவே 80 என்று கணக்கிட்டேன். வகையில் குழப்பமில்லை: 2012 மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டரோடு பல வீடுகளில் நுழைந்ததே, அந்த டியூபுலர் பேட்டரி. அடிக்கடி வடிந்து நிறைவதைத் தாங்கும். மூடிய ஏஜிஎம் வகையும் உண்டு. விலை கூடுதல், அதிக வோல்ட்டில் நீரிழந்தால் மறுபடி ஊற்றவும் வழியில்லை.

டையோடைக் கழற்றினோம். பழைய இடத்தில் கிளப்புவதற்கென்று சிறிய பேட்டரி. பாட்டுக்குத் தனி டியூபுலர்; எஞ்சின் நின்றால் இரண்டையும் பிரிக்க நடுவில் ஒரு ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ். டியூபுலரை அசையாமல் கட்டி, ஹைட்ரஜன் வண்டிக்குள் தங்காதபடி வெளியே குழாய் விட்டோம். குறுகிய ஓட்டத்தில் அது நிறையாது. இரவில் வீட்டுச் சார்ஜரில் 8 ஆம்பியர், 14.0 வோல்ட் வைத்து ஏற்றுகிறோம்.

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து நீர் மட்டத்தை மாமாவே பார்க்கிறார். காய்ச்சி வடித்த நீர் வாங்கிவரும் வேலை மட்டும் எனக்கு.