ஈற்றில் எந்தச் சொல்?

கச்சேரிக்கும் தூதரகங்களுக்கும் போகிற கடிதங்களை ஆங்கிலமாக்கிக் கொடுத்தே எனக்கு நாற்பது வருஷம் போயிற்று. இந்த வேலைக்குப் புதிதாய் வருகிற பிள்ளைகள் கடுமையான சொற்களைத்தான் வந்து கேட்கிறார்கள். நான் அடிபட்டது சின்னச் சொற்களில்.

1. தமிழில் 'கடைசியில்' என்று கண்டவுடன் 'அற் லாஸ்ற்' போட வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில், புருஷனை இழந்த ஒரு அம்மாவுக்கு ஓய்வூதிய மனு எழுதினேன். "மூண்டு மாதம் ஆசுப்பத்திரியிலை கிடந்து, கடைசியிலை செத்துப்போனார்" என்று அவர் சொன்னதை 'அற் லாஸ்ற்' என்றே எழுதிவிட்டேன். அதை வாசித்த மூத்த எழுதுவினைஞர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் தம்பி, மனிசிக்கு அவ்வளவு அவசரமோ?" என்றார்.

அந்தச் சொல், வழிபார்த்து இருந்தவர் விடுகிற பெருமூச்சு. நாங்கள் "ஒருமாதிரி வந்து சேர்ந்திட்டுது" என்கிறோமே, அந்த 'ஒருமாதிரி'க்குக் கிட்ட வரும். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குத் திரும்பவும் வந்தது. அதற்கு எழுதுங்கள் 'அற் லாஸ்ற்'. சாவுக்கு 'இன் தி எண்ட்' போதும்.

2. 'இன் தி எண்ட்' வேறு, 'அற் தி எண்ட்' வேறு. பின்னதுக்கு ஒரு வால் வேண்டும்: மாத முடிவிலா, ஒழுங்கை முடிவிலா என்று சொல்லியாக வேண்டும். முன்னதுக்கு வால் இல்லை. கதை எப்படி முடிந்தது என்று மட்டும் சொல்லும்.

3. 'எண்ட் அப்' என்பது நினையாத இடத்தில் போய் நிற்பது. இதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது, சுதேசிகளுக்குள்ளே வேத ஊழியரை உருவாக்கத்தான். அங்கே படித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையோ சைவத்துக்குத் திரும்பி, ஏடு தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பாதிரிமார் போட்ட கணக்கு ஒன்று, மாணாக்கர் போய் நின்ற இடம் வேறொன்று.

ஆனால் கவனம். இந்தச் சொல்லில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராய் 'எண்டட் அப்' என்று விழா மலரில் எழுதினால், மனிதர் கால் தடுக்கி அங்கே விழுந்தவர் போலாகிவிடும். அங்கே 'பிகேம்' என்பதே மரியாதை. இன்னொன்று: இதன் பின்னால் வினை வந்தால் அது 'இங்' ஏறித்தான் வரும். 'டு' போடுகிற பழக்கத்தை ரியூசன் வகுப்போடு விட்டுவிடுங்கள்.

4. 'ஈவென்சுவலி'யில் பெருமூச்சும் இல்லை, இளக்காரமும் இல்லை. காலம் நீண்டது, படிகள் பல இருந்தன, அவ்வளவுதான். நைட் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொல் திரட்டு, பல கை மாறி, 1862இல் சென்னையில் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதியாக வெளிவந்தது. அது 'ஈவென்சுவலி'. தமிழில் 'நாளடைவில்' என்றோ 'போகப்போக' என்றோ வரும்.

5. 'றிசல்ற் இன்', 'றிசல்ற் ஃபுறொம்' இரண்டிலும் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மழையில் தொடங்கினால் 'இன்', வெள்ளத்தில் தொடங்கினால் 'ஃபுறொம்'. வழக்குப் பத்திரங்களில் இதை மாற்றிப் போட்டால் குற்றவாளியே மாறிவிடுவான். 'லீட் டு' கொஞ்சம் மெதுவான சொல். இடையில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று இடம் விடும்.

6. "ஆரோ புறத்தியான் எண்டு நினைச்சன், பார்த்தால் எங்கடை மச்சான்" என்கிறோம். அந்தப் 'பார்த்தால்'தான் 'ரேண் அவுற்'. வேறு விளக்கம் தேவையில்லை.

7. எழுதினதை ஒப்பமிட வைக்க முன்னம், ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழிலேயே அவர்களுக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கள். அந்த அம்மாவுக்கு நான் அதைச் செய்யவில்லை. அன்று பின்னேரமே மனுவைத் திரும்பத் தட்டச்சடித்துக் கொடுத்தேன். பென்சன் காசு எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குத் தாராளமாக 'அற் லாஸ்ற்' போடலாம்.