பங்குனி சித்திரையில் வீட்டு முன்றிலைத் திருத்துதல்

பூந்தமல்லிக்கும் மலருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் இவ்வூரில் நந்தவனம் அமைத்து, அதன் மலர்களைக் காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாளுக்குச் சமர்ப்பித்து வந்தார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். அத்தகைய ஊரிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் இன்று பல வீடுகளின் வாயிலில் ஒரு மல்லிகைச் செடியேனும் காணப்படுவதில்லை. மதில் முதல் வாசற்படி வரை சிமிட்டித் தளம் போடுவதே வீட்டுக்கு அழகு என்று பலர் கருதுகின்றனர். அத்தளம் கோடையில் அனலை வீசுகிறது. ஐப்பசி மழையில் ஜலத்தைத் தெருவுக்குத் தள்ளுகிறது.

1000 சதுர அடி பரப்பில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் ஜலம் சேரும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அதன் உபரி நீர் அடையாற்றில் பெருகியது. 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அதே ஏரி வறண்டு கிடந்தது. இவ்விரண்டுக்கும் வீட்டு முன்றில்களே காரணம் என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் மழை ஜலம் மண்ணில் இறங்காதவிடத்தில் வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்து வருவதில் வியப்பில்லை. ஆகவே முன்றிலின் அழகு வேறு, கிணற்றின் நலம் வேறு என்று எண்ணலாகாது.

பருவம் அறிதல்

குளிர் தேசங்களில் பனி உருகி மண் ஈரமாயிருக்கும் வசந்த காலமே செடி நடும் காலம். நம் நாட்டில் அவ்வாறன்று. இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. பங்குனியும் சித்திரையும் வறண்ட மாதங்கள். ஆசைப்பட்டுச் சித்திரையில் வாங்கி நட்ட கன்று, அக்கினி நட்சத்திரத்தில் பெரும்பாலும் கருகிவிடும். குடிக்க வைத்த ஜலமும் அதனுடன் வீணாகும். எனவே இவ்விரு மாதங்களையும் நடவுக்கன்று, ஆயத்தத்துக்கே பயன்படுத்த வேண்டும்.

இப்பொழுது செய்யத்தக்கவை

1. சுவரும் திண்ணையும்: விரிசல்களை அடைத்து, நன்றாக உலர்ந்தபின் வெள்ளையடிக்க வேண்டும். சுண்ணாம்பை முன்னதாகவே நீற்றி வடிகட்டி, சிறிது கஞ்சித்தண்ணீர் சேர்த்தால் சுவரில் நன்கு பற்றும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் குழந்தைகளை அண்டவிடலாகாது.

2. கழிவு நீர்: குளியலறை ஜலம் வாயிலில் தேங்கினால் கொசு பெருகும். சிறு வாய்க்கால் வெட்டி, வீட்டுக்குப் பக்கவாட்டில் வாழையும் கல்வாழையும் உள்ள பாத்திக்கு அதைச் செலுத்துதல் நலம். தொட்டி, பூந்தொட்டித் தட்டு முதலியவற்றில் நிற்கும் நல்ல ஜலத்தில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ஆகையால் அவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

3. தளம்: நடைபாதைக்கு வேண்டிய அளவு கல்லோ செங்கலோ பதித்து, எஞ்சிய இடத்தை மண்ணாகவே விடவேண்டும். முன்பே சிமிட்டி போட்டிருந்தால், மதிலோரம் 2 அடி அகலத்துக்கேனும் பெயர்த்தெடுத்தல் உசிதம்.

4. மழைக்குழி: கூரை ஜலம் விழுமிடத்துக்கு அருகே, அஸ்திவாரத்தையும் கழிவறைத் தொட்டியையும் விட்டு விலகி, 3 அடி சதுரத்தில் 3 அடி ஆழக் குழி தோண்டி, கீழே செங்கல் ஜல்லியும் மேலே மணலும் பரப்ப வேண்டும். முதல் மழையில் கூரை அழுக்கு வருமாதலால் அதைக் குழியில் விடலாகாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்திலேயே மழை நீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று கட்டிய குழிகளில் தூர்ந்துபோனவற்றைத் தூர்வாரவும் இதுவே தருணம்.

5. இருக்கும் செடிகள்: குண்டுமல்லி இப்பொழுது பூக்கும் பருவத்தில் இருக்கிறது. இச்சமயம் அதைக் கத்தரித்தால் பூவை இழக்க நேரிடும். கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கத்தரிப்பதே முறை. இப்பொழுது தூரைச் சுற்றிச் சருகு பரப்பி, மாலையில் ஜலம் விட்டால் போதும்.

நடவு

மல்லிகைக்கு நாள் முழுதும் வெயில் படும் இடம் வேண்டும். மர நிழலில் அது இலை விடுமேயன்றிப் பூக்காது. 4 அடி இடைவெளியில் 1 அடி நீள அகல ஆழமுள்ள குழிகளைச் சித்திரையிலேயே தோண்டி வெயிலில் ஆறவிட வேண்டும். ஆடி முதல் மழை கண்டபின், குழி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணுடன் கலந்திட்டு நடலாம். வேலியோரத்துக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் ஏற்றவை. அரளி அழகாயிருப்பினும் அதன் இலை கால்நடைக்கு விஷம். மாடு கட்டும் வீட்டில் அதைத் தவிர்த்தல் உத்தமம்.

கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் முன்றிலை முதலில் இவ்வாறு திருத்துவார்களாயின், ஊரார் அதைக் கண்டு பின்பற்றுவர். பெருஞ்செலவு இதில் இல்லை. மண்வெட்டியும் சில நாளைய உழைப்புமே வேண்டும். சித்திரையில் ஆயத்தம் செய்த முன்றில் ஐப்பசியில் ஜலத்தை உண்ணும். அடுத்த பங்குனியில் வாயிலில் மல்லிகை மலரும். கிணற்றிலும் நீர் நிற்கும்.