தசை முறுக்கு நோய்: காரணங்களும் சிகிச்சையும்

உடல் அசையும்போது ஒரு தசை சுருங்க, அதற்கு எதிர்த் தசை தளர்கிறது. கையை மடக்குவதும் நீட்டுவதும் இவ்வாறே நிகழ்கின்றன. எதிரெதிர்த் தசைகள் ஒரே சமயத்தில் இறுகுமாயின், உறுப்பு தானே முறுக்கிக்கொள்கிறது. இதுவே டிஸ்டோனியா எனப்படும் தசை முறுக்கு நோயாகும். குழந்தைப் பருவத்தில் தோன்றும் வகை, பெரும்பாலும் நடக்கையில் ஒரு பாதம் உட்புறம் திரும்புவதில் தொடங்குகிறது. பின்னர் அது மற்ற உறுப்புகளுக்கும் முதுகுக்கும் பரவக்கூடும். ஆயினும் அறிவாற்றல் குன்றுவதில்லை.

ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1911-இல் இந்நோய்க்குப் பெயரிட்டார். முறுக்கல் சில செயல்களின்போது மட்டும் தோன்றுவதாலும், உறக்கத்தில் தணிவதாலும் இது மனக்கோளாறு என்றே நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்டது.

காரணங்கள்

மூளையின் ஆழத்தில் இயக்கத்தை நெறிப்படுத்தும் நரம்பணுத் திரள்களும் அவற்றோடு இணைந்த பகுதிகளும் சீராக இயங்காமையே அடிப்படைக் காரணமாகும். பரம்பரை வகைகளுள் ஒன்றிற்குரிய மரபணு, ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பது 1997-இல் கண்டறியப்பட்டது. தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து இக்குறை வந்தாலே போதும். எனினும் அதைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ 30 சதவீதத்தினரே நோயுறுகின்றனர். பிறப்பின்போது நேரும் மூச்சுத் தடை, மூளைக்காய்ச்சல், மனநோய்க்கும் வாந்திக்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

முதலில் நோக்க வேண்டியவை

இரு வகைகளை உடனே இனங்காண்பது இன்றியமையாதது. முதலாவது, ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970-களில் விவரித்த வகை. இதில் குழந்தை காலையில் ஓரளவு நன்றாக நடக்கும், மாலையில் தடுமாறும். பிறவி மூளைவாதம் எனத் தவறாகக் கருதப்படும் இக்குழந்தைகள், குறைந்த அளவு லெவோடோபா மருந்தினால் வியக்கத்தக்க நலம் பெறுகின்றனர். கார்பிடோபாவுடன் சேர்ந்த இம்மருந்து நம் நாட்டின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இரண்டாவது, உடலில் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய். மூளையும் கல்லீரலும் பெரிதும் சிதைவதற்கு முன்பே பெனிசிலமின், துத்தநாக மருந்துகளைத் தொடங்க வேண்டும்.

பிற சிகிச்சைகள்

ஏனைய வகைகளில் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை குழந்தைகளுக்குப் பயன் தருகிறது. கழுத்து, கண்ணிமை போன்ற ஓரிடத்து முறுக்கலுக்கு போட்டுலினம் நச்சு ஊசி ஏற்றது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதனை மீண்டும் செலுத்த வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத கடும் நோய்க்கு, மூளையில் மின்முனை பொருத்தித் தூண்டும் அறுவை சிகிச்சை உண்டு. இவை நோயைத் தணிப்பன; முற்றிலும் நீக்குவன அல்ல.

2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்கின்றன. கோணி நடக்கும் குழந்தையைக் காணும்போது, காலைக்கும் மாலைக்கும் நடையில் வேறுபாடு உண்டா என்று பெற்றோரிடம் அவை கேட்டறிய வேண்டும். செலவேதுமில்லாத அந்த ஒரு வினா, ஒரு குழந்தையை வாழ்நாள் முடத்தினின்றும் காக்கக்கூடும்.