கணினி வரையும் ஸ்கேன் படத்தை நம்பலாமா?

கேள்வி: அல்ட்ராசவுண்ட் படத்தைக் கணினியிலேயே உருவாக்கிவிடலாமாமே? அது நிஜப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

பதில்: முதல் சோதனை தண்ணீர்த் தொட்டியில் நடக்கிறது. டென்மார்க்கில் உருவான ‘ஃபீல்ட் 2’, லண்டனில் உருவான ‘கே-வேவ்’ போன்ற மென்பொருள்கள் ஒலி அலை எப்படிப் பரவும் என்று கணக்கிடுகின்றன. ஸ்கேன் புரோபைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஹைட்ரோஃபோன் என்ற நீரடி மைக்கைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒலியழுத்தத்தை அளப்பார்கள். கணக்கும் அளவும் பொருந்த வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையும் முக்கியம், ஏனென்றால் ஒலியின் வேகம் அதைப் பொறுத்தது: 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,482 மீட்டர், மென்திசுவில் சராசரியாக 1,540.

அடுத்து, மெல்லிய கம்பியைப் படமெடுப்பார்கள். கம்பி ஒரு புள்ளியாகத் தெரியாமல் சற்றே பரவித் தெரியும். அந்தப் பரவலின் அகலம் கணினிப் படத்திலும் அப்படியே வரவேண்டும்.

கடினமான சோதனை மூன்றாவதுதான். அகர் கூழில் கிராஃபைட் தூள் கலந்து போலித் திசு செய்வார்கள். அதன் படம் மணல் தூவியதுபோல இருக்கும். ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட முடியாது. படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகளின் சராசரி அளவையும் வெளிச்சம் பரவியிருக்கும் விதத்தையும்தான் ஒப்பிட வேண்டும்.

பொருந்தாத இடமும் பாடம்தான். ‘ஃபீல்ட் 2’ அலை உருமாறாது என்று எடுத்துக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் நிஜ அலை உருமாறும். கணினி மாதிரியின் எல்லையை இப்படி அறிந்த பிறகே அதை நம்பிப் புதிய கருவியை வடிவமைக்க வேண்டும். நோயாளிக்கு நாம் செய்யவேண்டிய கடமை அது.