பங்குனித் தோட்டத்துக்கு வருகிறவை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வேம்பு பூக்கத் தொடங்கியதும் சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் நடமாட்டம் கூடிவிடுகிறது. புங்கன் துளிர்க்கிறது, மா பிஞ்சு விடுகிறது, குயில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. நாமும் அந்த நேரம் பார்த்துத்தான் வேலி வெட்டுகிறோம், சருகு கொளுத்துகிறோம், கோடை உழவு ஓட்டுகிறோம். பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமும் நாம் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் காலமும் ஒன்றாக வருவதுதான் சிக்கல்.

செய்ய வேண்டியவை

தண்ணீர் வையுங்கள். அகலமான மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம் போதும். தேனீயும் சிட்டும் உட்கார நடுவில் ஒரு கல் போடுங்கள். தினமும் கவிழ்த்துக் கழுவ வேண்டும். விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். சொட்டுநீர்க் குழாயை அணில் கடிப்பது பல நேரம் தாகத்தால்தான். குழாய் மாற்றும் செலவுக்குச் சட்டி விலை ஒன்றுமே இல்லை.

கிளுவை வேலியைக் காப்பாற்றுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பங்குனியில் கிளுவை இலையெல்லாம் உதிர்த்து, காய்ந்த முள்குச்சியாக நிற்கும். செத்துப்போச்சு என்று ஜேசிபி விட்டுப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும் செடி அது. வேலியில் ஏறிய கோவைக்கொடியின் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். அடியில் கவுதாரி ஒதுங்கும், கீரி ஓடும், தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறும். கம்பி வேலியில் இதில் எதுவும் தங்காது. கவாத்து பண்ணியே ஆகவேண்டும் என்றால் மழைக்காலம் வரை பொறுத்து, ஒரு பக்கம் இந்த வருடம், மறுபக்கம் அடுத்த வருடம் என்று வெட்டுங்கள்.

உழுவதற்கு முன் ஒரு நடை நடந்து பாருங்கள். தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே சுற்றினால் கீழே முட்டை இருக்கிறது என்று பொருள். அது கூடு கட்டாது. சின்னக் குழியில் நான்கைந்து கூழாங்கல், அதன் நடுவே மண்கட்டி நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, டிராக்டர்காரரிடம் சொல்லி, அந்த இடத்தை மட்டும் திட்டாக விடச் சொல்லுங்கள். நஷ்டம் ஒரு பாய் அளவு நிலம்.

கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுங்கள். நம் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் மயில், உடும்பு, நாய் எல்லாம் விழுகின்றன. ஏறி வர ஒரு சாய்வுக் கட்டையோ தடித்த கயிறோ தொங்கட்டும்.

மருந்து அடிப்பதானால் தேனீ அடங்கிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள். மரம் பூத்துக் குலுங்கும்போது வேண்டாம்.

எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்த மரத்துக்கு அதனால் கேடில்லை. சின்னக் கன்றில் இருந்தால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள்.

செய்யக்கூடாதவை

பின்னிக்கொண்டு எழும்பும் பாம்புகளின் மேல் துணி போடப் போகாதீர்கள். நாகமும் சாரையும் இணைகின்றன, துணி போட்டால் வீட்டுக்கு யோகம் என்பார்கள். அவை இரண்டுமே பெரும்பாலும் ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். சாரைக்கு விஷம் இல்லை, அதன் முழுநேர வேலை எலி பிடிப்பது. அதை அடித்துக் கொன்றுவிட்டு எலிப்பொறி வாங்குகிறவர்களை என்ன சொல்வது!

மயிலுக்கு விஷம் வைக்காதீர்கள். மயில் நாற்றைக் கொத்துகிறது, கடலையைக் கிளறுகிறது என்ற விவசாயியின் புலம்பல் பொய்யில்லை. ஆனால் மருந்து கலந்த தானியம் மயிலோடு நிற்பதில்லை. கவுதாரி, புறா, வீட்டுக் கோழி வரைக்கும் போகும். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

வேலியில் நேரடி மின்சாரம் கொடுக்காதீர்கள். 2023 மார்ச்சில், பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. காட்டுப்பன்றிக்கு என்று வைத்த கம்பிக்கு யானை என்ன, ஆள் என்ன? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ராத்திரி தண்ணீர் கட்ட வரும்போதும் அது அங்கேதான் இருக்கும்.

மொட்டைத் தென்னையை அவசரப்பட்டுச் சாய்க்காதீர்கள். பொந்தில் கிளியோ பனங்காடையோ ஆந்தையோ குடியிருக்கலாம். கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மனிதக்கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. கூடு எட்டினால் எடுத்து வைத்துவிடுங்கள். இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் தாய் அருகில்தான் இருக்கும். பூனையை மட்டும் கட்டிப்போடுங்கள்.

பழைய நைலான் வலையைத் தரையில் போட்டுவைக்காதீர்கள்; பாம்பும் ஓணானும் மாட்டிச் சாகும்.

குரங்குக்குத் தின்பண்டம் வேண்டவே வேண்டாம். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய குரங்கு என்ன செய்யும் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், மந்திரிக்க அலையாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்புத் துறை 101, கடித்துவிட்டால் ஆம்புலன்ஸ் 108. இரண்டு எண்ணையும் மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.