போக்காடும் அசாசேலும்

கேள்வி: லேவியராகமத்தின் 'போக்காடு', எபிரேய மூலத்தில் 'அசாசேல்' என்று இருக்கிறதாமே! அது பேயின் பெயரா? பேய்க்கா பலி கொடுத்தார்கள்?

பதில்: எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்தச் சொல் நான்கே முறைதான் வருகிறது, நான்கும் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில். 'ஏஸ்' என்றால் வெள்ளாடு, 'அசல்' என்றால் போனது. இரண்டையும் சேர்த்து 'போகும் ஆடு' என்று சிலர் பிரித்தார்கள். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பும் நம் போக்காடும் அந்த வழி. தால்மூத் ரபிகளோ செங்குத்தான பாறை என்றார்கள். ஆனால் இரண்டு கடாக்களுக்கும் போடும் சீட்டுகளைப் பாருங்கள்: ஒன்று கர்த்தருக்கு, மற்றது அசாசேலுக்கு. எதிரெதிரே நிற்கும் இந்த அமைப்பைப் பார்த்தால், வனாந்தரத்து ஆவி ஒன்றின் பெயர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனோக்கு நூலிலும் அசாசேல், மனிதருக்கு வாள் செய்யக் கற்றுக்கொடுத்த வீழ்ந்த தூதன்தான்.

பலியா என்றால், இல்லை. கர்த்தருக்கான கடாதான் அறுக்கப்படுகிறது. அசாசேலுக்கான கடாவின் தலையிலோ ஆரோன் இரு கைகளையும் வைத்து ஜனங்களின் பாவங்களை அறிக்கையிடுகிறான். பிறகு ஓர் ஆள் அதை உயிரோடு வனாந்தரத்தில் கொண்டுபோய் விடுகிறான். அசாசேலுக்குப் போவது காணிக்கை அல்ல, சுமை. அடுத்த அதிகாரமே பேய்களுக்குப் பலியிடுவதைத் தடை செய்துவிடுகிறது. பிற்காலத்தில் அந்த ஆட்டை மலையுச்சியிலிருந்து தள்ளியதாக மிஷ்னா சொல்கிறது. லேவியராகமத்தில் அப்படி இல்லை.