ஆண்டாள் சொன்ன புதுவை எது?

மார்கழி மாதத்தில் வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றித் திருப்பாவை சொல்கிறோம். முப்பதாவது பாசுரத்தில் ஆண்டாள் தன் ஊரின் பெயரைச் சொல்கிறாளே, கவனித்திருக்கிறீர்களா? 'புதுவை' என்கிறாள். எங்கள் எதிர்வீட்டு மாமி ஒருநாள், ''அப்போ ஆண்டாளுக்குப் பாண்டிச்சேரியா?'' என்று கேட்டுவிட்டார்! மாமியைக் குறை சொல்ல முடியாது. இன்று புதுவை என்றால் நம் நினைவுக்கு வருவது அந்தக் கடற்கரை ஊர்தானே?

ஆண்டாளின் புதுவை, ஸ்ரீவில்லிபுத்தூர். புதுமையும் ஊரும் சேர்ந்து புத்தூர் ஆயிற்று. வெறுமையும் இலையும் சேர்ந்து வெற்றிலை ஆனது போலத்தான். கோயம்புத்தூரைக் கோவை என்று சுருக்குகிறோம் அல்லவா? அப்படி வில்லிபுத்தூர் புதுவை ஆனது.

வில்லி யார்? ஸ்தல புராணம் சொல்லும் கதை மனதைப் பிசையும். மல்லி என்ற வேடர் குலத்து அரசிக்கு வில்லி, கண்டன் என இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. அது தெரியாத வில்லி, காடெல்லாம் தேடி அலைந்து, களைத்துப்போய் ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தான். கனவில் வந்த பெருமாள் நடந்ததைச் சொல்லி, அங்கேயே தனக்குக் கோயில் எடுக்கும்படி பணித்தாராம். காடு திருத்தி வில்லி உண்டாக்கிய புது ஊர், வில்லிபுத்தூர். உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த துக்கத்தில் எழும்பிய ஊர் இது! அந்தத் தாயின் பெயரும் அழியவில்லை. சிவகாசி போகும் வழியில் மல்லி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

பெரியாழ்வார், ஆண்டாள் பாசுரங்களில் வில்லிபுத்தூர்தான், 'ஸ்ரீ' கிடையாது. பிராட்டியே அவதரித்த ஊர் என்பதால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே ஊரில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கும் இடம் மடவார்வளாகம். மடவார் என்றால் பெண்கள். ஆனால், கோயிலைச் சுற்றிய தெருக்களைக் கல்வெட்டுகள் 'திருமடைவிளாகம்' என்று சொல்லும். அதுதான் வாய்வழக்கில் திரிந்து மடவார்வளாகம் ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டாளைச் சேவித்துவிட்டு, ஆட்டோவில் ஏறினால் சற்று நேரத்தில் அங்கே போய்விடலாம்.

பஸ்ஸில் அரைமணி தூரத்தில் ராஜபாளையம். பாளையம் என்றால் படை தங்கும் இடம். மதுரை விஸ்வநாத நாயக்கர் காலத்தில் பாண்டிய நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது தெரிந்த விஷயம். ஆனால், இந்த ஊர் பெயரில் இருக்கும் ராஜா, அரியணையில் அமர்ந்த ராஜா அல்ல. விஜயநகரக் காலத்தை ஒட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள்! அவர்கள் வீடுகளில் இன்றும் தெலுங்கு ஒலிக்கிறது. ஊருக்குள் பழையபாளையம் ஒன்று, புதுப்பாளையம் ஒன்று. புதுப்பாளையத்தில் மாரியம்மன் குடிகொண்டிருக்கிறாள். அந்தப் 'புது'வுக்கும் எத்தனையோ தலைமுறை வயதாகிவிட்டது.